அவரிடம் மிஞ்சிய சொல்

ஜூலை 10, திங்கள்

பியூலா மேடம் சொன்னதால் இந்த நோட்டு. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். வயது இருபத்தேழு இருக்கும். "அக்கா, அவங்க பேசுறத தினமும் எழுதிட்டு வாங்க. மூணு கட்டம் போட்டுக்கோங்க. எப்ப சொன்னாங்க, என்ன சொன்னாங்க, எதுக்குச் சொன்னாங்க. நாலு மாசம் கழிச்சுப் பாத்தா உங்களுக்கே வித்தியாசம் தெரியும்" என்றது.

"பேசுனாத்தான மேடம் எழுத?"

"ஒரு வார்த்தை பேசுறாங்கல்ல, அத எழுதுங்க."

எனக்கு நோட்டுப் போடுவது புதிதல்ல. பத்தொன்பது வருடமாக அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளின் எடை, உயரம், முட்டை, தடுப்பூசி என்று பதினோரு பதிவேடு. இது பன்னிரண்டாவது.

முதல் பக்கத்தில் விவரம் எழுத வேண்டுமாம். பெயர் ஆவுடையப்பன். வயது 54. அரசு பஸ் கண்டக்டர், சங்கரன்கோவில் - திருநெல்வேலி வண்டி, இருபத்தாறு வருட சர்வீஸ். ஜூன் 14 காலை ஏழரை மணிக்குக் குளியலறை வாசலில் விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கையும் வலது காலும் போய்விட்டன. கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, கம்பு ஊன்றி நடக்கிறார். கை அப்படியேதான் இருக்கிறது. நாம் பேசுவது அநேகமாகப் புரிகிறது. அவருக்குப் பேச வரவில்லை. எழுதவும் வரவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் வருகிறது.

டிஸ்பேர்.

எதைக் கேட்டாலும் அதுதான். பெயர் என்ன? டிஸ்பேர். வலிக்குதா? டிஸ்பேர். இது யாரு? என்னைப் பார்த்துக்கொண்டே, டிஸ்பேர்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் என்று மட்டும் தெரிகிறது. போன வருடம் அஞ்சல் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார். நான் பத்தாவது, தமிழ் மீடியம்.

விவரம் போதும்.

ஜூலை 11, செவ்வாய்

காலை 6.10. டிஸ்பேர். தண்ணீர்.

6.40. டிஸ்பேர். ஜன்னலைத் திறக்க.

8.15. டிஸ்பேர். எதற்கென்று தெரியவில்லை. போர்வையா, மாத்திரையா, ஃபேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 15, சனி

அவருடைய அக்கா பேச்சியம்மாள் மதினி புளியங்குடியிலிருந்து வந்து மூன்று நாளாக இங்கே இருக்கிறார்கள். நான் வேலைக்குப் போகும்போது அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இன்று மத்தியானம் நான் திரும்பி வந்தால் கட்டில் பக்கத்தில் ஆறு இட்லி, ஒரு கிண்ணம் உப்புமா, கடை பூரி ஒரு பொட்டலம். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார்.

"என்ன மதினி இது?"

"அவன் காலையில இருந்து டிபன், டிபன்னு கேட்டுக்கிட்டே இருக்கான் உலகு. குடுத்தா தட்டி விடுதான். எந்த டிபன் கேக்கான்னு எனக்கு வெளங்கல."

"டிபன் இல்ல மதினி. டிஸ்பேர்."

"அப்படின்னா?"

தெரியாது என்றேன். அவருக்குப் படுக்கை நனைந்திருந்தது. அதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பூரியை நானும் மதினியும் தின்றோம்.

ஜூலை 22, சனி

மகள் பகவதி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். கம்பெனியில் மாதம் இரண்டு சனிக்கிழமைதான் லீவு. அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு டிஸ்பேர், டிஸ்பேர் என்று ஏதோ நீளமாகச் சொன்னார். நியாயம் கேட்பது போல இருந்தது. அவள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

துணி துவைக்கும்போது கேட்டேன். "ஏட்டி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா ஒரு இங்கிலீஷ் வார்த்தை."

"சும்மா ஒரு வார்த்தையா? அர்த்தம் இருக்கும்லா."

"கவலைன்னு வச்சுக்கோயேன்."

சட்டைக் காலரை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது அழுக்காகவே இல்லை.

ராத்திரி வண்டிக்குக் கிளம்பும்போது அலமாரியைப் பார்த்துவிட்டு, "அப்பா புக்கெல்லாம் எங்கம்மா?" என்றாள். வெள்ளையடிக்க எடுத்து வைத்தேன் என்றேன்.

ஜூலை 24, திங்கள்

பயிற்சிக்குப் போனோம். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய் பியூலா மேடத்திடம் கேட்டேன். அது என் மகளைப் போல மழுப்பவில்லை.

"நம்பிக்கை போயிருச்சு, இனி ஒண்ணுமே இல்லங்கிற நிலைமை, அக்கா. அதுக்குத்தான் டிஸ்பேர்னு சொல்வாங்க."

அது நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டது.

"அக்கா, கேளுங்க. அவங்க அந்த அர்த்தத்துல சொல்லல. இந்த மாதிரி அடைப்பு வந்தவங்கள்ல சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை மாட்டிக்கிடும். எங்கிட்ட ஒரு தாத்தா வந்தாங்க, எதுக்கெடுத்தாலும் 'செவ்வாக்கிழமை'ன்னுதான் சொல்வாங்க. ஏன் அந்த வார்த்தைன்னு யாராலயும் சொல்ல முடியாது. வாயிலிருந்து வர்றது ஒண்ணு, மனசுல நினைக்கிறது ஒண்ணு. அவங்க தண்ணி வேணும்னு சொல்றதாத்தான் நினைக்கிறாங்க."

"விழுறதுக்கு முந்தி கடைசியாச் சொன்ன வார்த்தை மாட்டிக்கிடுமா மேடம்?"

"சில பேர் அப்படிச் சொல்றாங்க. நிச்சயமாச் சொல்ல முடியாது. ஏன்க்கா, அன்னைக்கு அப்படிச் சொன்னாங்களா?"

கேட்கவில்லை என்றேன். நான் அடுப்படியில் இருந்தேன், கேட்கவில்லை.

ஜூலை 27, வியாழன்

அங்கன்வாடிக்கு அடுத்த கட்டடம் நடுநிலைப்பள்ளி. அங்கே அகராதி இருந்தது. இங்கிலீஷ் சார் பக்கத்தைப் புரட்டிக் காட்ட, நான் தமிழை மட்டும் இதில் எழுதிக்கொண்டேன்.

நம்பிக்கை இழத்தல். மனம் முற்றிலும் சோர்தல். பெயராகவும் வரும், வினையாகவும் வரும்.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வேறு ஏதோ இருந்தது. அது என்ன சார் என்றேன்.

"அது வார்த்தையப் பயன்படுத்துற முறை. பின்னாடி 'ஆஃப்' போட்டு ஒரு ஆள் பேரச் சொன்னா, அந்த ஆள் மேல நம்பிக்கை போச்சுன்னு அர்த்தம். இவன் தேறமாட்டான், இவ திருந்தமாட்டா, அப்படி."

"பின்னாடி பேரே சொல்லலைன்னா சார்?"

"அப்ப பொதுவா எடுத்துக்கிட வேண்டியதுதான். எல்லாத்து மேலயும்."

சார் ஏன் கேட்கிறேன் என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

அவர் பின்னால் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. சொல்ல வருவதில்லை என்பதால் அப்படியா, அல்லது பெயரே இல்லையா?

ஜூலை 30, ஞாயிறு

இன்று பதினேழு தடவை. எனக்குப் புரிந்தது ஒன்பது.

ஆகஸ்ட் 9, புதன்

இன்று பியூலா மேடம் புதிதாக ஒன்று செய்து பார்த்தது. ஒன்று இரண்டு மூன்று, ஞாயிறு திங்கள் செவ்வாய் என்று வாய்ப்பழக்கமாக வருகிறதெல்லாம் சில பேருக்குத் தானாக வருமாம். அவருக்கு வரவில்லை. நான்தான் சொன்னேன், "மேடம், ஸ்டாப் பேரு சொல்லச் சொல்லிப் பாருங்களேன். இருபத்தாறு வருசம் கத்துன பேரு."

அது கையைத் தட்டி, "அண்ணாச்சி, வண்டி கிளம்பியாச்சு. சங்கரன்கோவில்ல இருந்து திருநெல்வேலி. முதல் ஸ்டாப்பு?" என்றது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கை மேலே கம்பியைத் தேடுவது போல உயர்ந்தது. வாயைத் திறந்து நல்ல சத்தமாக, "டிஸ்பேர்ர்ர்!" என்றார்.

மேடத்தின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு மட்டும் கேட்டது. பனவடலிசத்திரம் என்று அவர் இழுக்கிற இழுப்பு அது. அடுத்ததை வெட்டி வெட்டிச் சொன்னார், அது வன்னிக்கோனேந்தல். பிறகு தேவர்குளம். மானூர் குட்டையாக, இறங்குறவங்க சீக்கிரம் என்கிற அவசரத்தோடு. சொல் ஒன்றுதான். ராகம் ஒவ்வொரு ஊருக்கும் வேறு.

"மேடம், எல்லா ஸ்டாப்பும் சொல்லிட்டாரு" என்றேன். அது என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கண்டக்டர் பையன் பெயர் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 23, புதன்

ராகத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கடைசியில் ஏற்றினால் கேள்வி. இரண்டு தடவை வேகமாகச் சொன்னால் கழிவறை. மெதுவாக, மூக்கால் சொன்னால் வேண்டாம். பக்கத்து வீட்டு ஜைத்தூன் வந்தால் சிரித்துக்கொண்டு சொல்கிறார், அது வாங்க. அங்கன்வாடியில் ஒன்றரை வயதுப் பிள்ளைகள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேண்டியதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதை ஜைத்தூனிடம் சொன்னேன். கட்டிலில் இருந்த அவர் அதைக் கேட்டுவிட்டு டம்ளரைத் தட்டிவிட்டார். அதன் பிறகு அப்படிப் பேசுவதில்லை. அவர் பிள்ளை இல்லை.

பியூலா மேடத்துக்கு மதுரையில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் போகிறது. இங்கே வேறு ஆள் வர நாளாகும் என்றார்கள். "நோட்ட விட்டுறாதீங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டது.

"இன்னும் எவ்வளவு திரும்பும் மேடம்?"

"முதல் மூணு மாசத்துலதான் நிறைய வரும். அதுக்கப்புறமும் வரும்க்கா. மெதுவா."

இன்றோடு இரண்டு மாதம் ஒன்பது நாள்.

செப்டம்பர் 4, திங்கள்

மாத்திரை வாங்கத் திருநெல்வேலி போனேன். அங்கிருந்து பாளையங்கோட்டை வரை ஒரு வேலையாகப் போய்வந்தேன். வர சாயங்காலமாகிவிட்டது. ஜைத்தூன் அவருக்குச் சோறு ஊட்டியிருந்தாள். "அண்ணன் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. மாத்திரை இங்க கிடைக்காதாக்கா?" என்றாள்.

இங்கே எப்போதும் இருப்பதில்லை என்றேன்.

இடம் சுத்தமாகத்தான் இருக்கிறது. வேப்பமரம் இருக்கிறது.

செப்டம்பர் 11, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. அதே.

செப்டம்பர் 19, செவ்வாய்

பார்சல் வந்தது. அவர் பெயருக்கு, அஞ்சல்வழிக் கல்வியிலிருந்து. மே மாதமே இரண்டாம் வருடத்துக்குப் பதிந்துவிட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நான் வேலையிலிருந்து வருவதற்குள் தபால்காரர் அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இடது கையாலும் பல்லாலும் உறையைக் கிழித்து ஐந்து புத்தகத்தையும் கட்டிலில் பரப்பி வைத்திருந்தார். படிக்க முடிகிறதா என்று தெரியவில்லை. ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். விழுந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

பிறகு கம்பை ஊன்றி எழுந்து, இரண்டு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலமாரிக்குப் போனார். கதவைத் திறந்தார். மேல்தட்டில் என் பதிவேடுகள் இருந்தன. கீழ்த்தட்டில் போர்வை.

திரும்பி என்னைப் பார்த்து, கடைசியில் ஏற்றி, "டிஸ்பேர்?" என்றார்.

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரியாதது போல, "காப்பியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

செப்டம்பர் 20, புதன்

சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

மே 28 ஞாயிறு, புளியங்குடியில் என் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். நான் ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு அவருக்குத் திருநெல்வேலியில் வகுப்பு. "வருசத்துக்கு பத்து வகுப்புதான் உலகு, விட்டா விட்டதுதான்" என்று போய்விட்டார். மண்டபத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் "மாப்பிள்ள எங்க?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காரு என்று என் அண்ணன் மகன் சொன்னான். ஒரு பந்தியே சிரித்தது.

இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. ஜூன் 12 திங்கட்கிழமை அவர் டியூட்டிக்குப் போன பிறகு புத்தகம், நோட்டு, அவர் கையால் எழுதி வைத்திருந்த தாள் எல்லாவற்றையும் இரண்டு சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டேன். அன்றைக்கே அவை லாரியில் ஏறிப் போய்விட்டன. இது எனக்குத் தெரியும், ஏனென்றால் மறுநாள் போய்க் கேட்டேன்.

புதன்கிழமை, அவர் விழுந்த அன்று காலையில்தான் தேடினார். கட்டிலுக்கு அடியில், பரணில், சைக்கிள் பக்கத்தில். "உலகு, என் நோட்டப் பாத்தியா?" என்றார். இல்லை என்றேன். "எல்லாத்தையும் அதுலதான் எழுதி வச்சிருக்கேன்" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் வந்து அடுப்படி வாசலில் நின்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். போகும்போது தனக்குள் ஏதோ சொன்னார். நான் தாளித்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை என்று பியூலா மேடத்திடம் சொன்னது நிஜம்தான். ஏதோ சொன்னார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

இதெல்லாம் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும், "என்னையத்தான அப்படிச் சொல்லுதிய? எம்மேல நம்பிக்கை விட்டுப்போச்சுன்னுதான?" என்று கேட்டேன்.

அவர் டிஸ்பேர் என்றுகூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

பேசவில்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கம்பால் தரையைத் தட்டுகிறார். நான்தான் டிஸ்பேரா, டிஸ்பேரா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். ஜைத்தூன் கேட்டால் என்ன நினைப்பாள்?

செப்டம்பர் 23, சனி

பகவதி வந்தாள். என்னம்மா அப்பா ஒண்ணுமே பேசல என்றாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்று கட்டமும் காலி. மூன்று மாதமாக அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் இது எப்போது நிற்கும் என்றிருந்தது. இப்போது அது இல்லாமல் வீடு கிணறு மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 25, திங்கள்

காலை 6.20. நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். ஜன்னலைக் காட்டி, "டிஸ்பேர்" என்றார்.

திறந்துவிட்டேன். நன்றாகத் திறந்துவிட்டேன்.

கோபம் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. காற்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தெரியும்.

அக்டோபர் 21, சனி

ஒரு மாதமாக எழுதவில்லை. வேலை. மதினிக்கு முழங்கால் வலி, இனி வர முடியாது என்றார்கள். காலையில் அவரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சமைத்து, ஓடி, மத்தியானம் ஓடி வந்து, திரும்ப ஓடி. பதிவேட்டில் ஒரு பிள்ளையின் எடையை மாற்றி எழுதி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

அவருக்கும் புதிதாக ஒன்றும் வரவில்லை. அந்த ஐந்து புத்தகமும் தலையணைப் பக்கத்திலேயே இருக்கின்றன. பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். என்ன தெரிகிறதோ.

பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி ஒரு கட்டில் காலியாகிறதாம். சரி என்றேன். பகவதியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள், "உன் உடம்பையும் பாக்கணும்லாம்மா" என்றாள். அவரிடம் சொல்வதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

அக்டோபர் 28, சனி, ஆஸ்பத்திரி

நெற்றியில் ஐந்து தையல். பகவதி இந்த நோட்டை எடுத்து வந்து கொடுத்தாள். நேற்று நடந்ததை ஜைத்தூன் சொன்னபடி எழுதுகிறேன், எனக்குப் பாதி தெரியாது.

மூன்று நாளாகக் காய்ச்சல் இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். நேற்று மத்தியானம் அவருக்குச் சோறு போட அடுப்படிக்குப் போனேன். கண் இருட்டியது. மேடை விளிம்பில் தலை இடித்தது நினைவிருக்கிறது. அவர் கட்டிலிலிருந்து "டிஸ்பேர்?" என்று கேட்டதும் கேட்டது. பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் கம்பு இல்லாமல் வந்திருக்கிறார். சுவரைப் பிடித்து அடுப்படி வரைக்கும் வந்து பார்த்திருக்கிறார். அங்கிருந்து வாசலுக்கு. வாசல்படி ஒரு முழ உயரம், நான் பிடிக்காமல் அவர் அதை இறங்கியதே இல்லை. அதை உட்கார்ந்து நகர்ந்து இறங்கியிருக்கிறார். தெருவில் நின்று கத்தியிருக்கிறார்.

"எப்படிக் கத்துனாருங்கிறீங்க? நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன். பஸ் ஸ்டாண்டுல கத்துவாரே, அந்தச் சத்தம். டிஸ்பேர், டிஸ்பேர்னு. தெரு முக்குல இருந்த ஆட்டோக்காரங்க ஓடி வந்துட்டாங்க. ஒருத்தருக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதுக்கா. ஆனா ஒருத்தரும் என்னன்னு கேக்கல. நேரா வீட்டுக்குள்ள ஓடுனோம்."

அவரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாராம். இறக்கிவிடப் பார்த்தால் கம்பியை விடவில்லையாம்.

டெங்கு என்கிறார்கள். ரத்த அணு குறைந்திருக்கிறது. இன்னும் நேரமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

அக்டோபர் 30, திங்கள், ஆஸ்பத்திரி

இன்று சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் பகவதி என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஜன்னல் ஓர நாற்காலியில். ஜைத்தூன் வீட்டில் மூன்று நாளாகத் தங்கியிருக்கிறார், காலையில் ஆட்டோவில் கூட்டி வந்துவிடுகிறார்கள்.

"நாளன்னைக்கு ஒண்ணாந்தேதிம்மா. நான் அப்பாவக் கூட்டிட்டுப் போய்ச் சேத்துட்டு வந்துருதேன். டிரஸ் எல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

"மெதுவாப் பேசு."

"அப்பாவுக்குத் தெரியாதா? நீ இன்னும் சொல்லலையா?"

அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலரை மாதமாக அவருக்கு முன்னால் வைத்தே எல்லாவற்றையும் பேசுகிறோம். மாத்திரை, சாப்பாடு, எங்கே படுக்க வைப்பது. தண்ணியா, ஜன்னலா என்று கேட்டிருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றை அவரிடம் கேட்டதே இல்லை. பதில் ஒரே சொல்தானே என்று விட்டுவிட்டோம்.

"அப்பா நாற்காலிய இங்க இழுத்துப் போடுளா" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க பாருங்க. பாளையங்கோட்டையில ஒரு இல்லம் இருக்கு. உங்கள மாதிரி உள்ளவங்களப் பாத்துக்கிடுற இடம். நான் செப்டம்பர்லயே போயி எழுதிக் குடுத்துட்டு வந்தேன். மாத்திரை வாங்கப் போறேன்னு சொன்னது அதுக்குத்தான். உங்களுக்கு இனி ஒண்ணும் திரும்பாதுன்னு நினைச்சுட்டேன். என்னாலயும் முடியல. ஒண்ணாந்தேதி வரச் சொல்லுதாங்க. போறியளா?"

அவர் முகம் சிவந்தது. "டிஸ்பேர்" என்றார். தலையை ஆட்டினார், அந்தச் சொல் இல்லை என்பது போல. மறுபடி, "டிஸ்..." நிறுத்திவிட்டார். உதட்டை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. இடது கையால் தொடையில் அடித்தார். பகவதி, "வேண்டாம்பா, விடுங்கப்பா" என்றாள். நான் அவளை அதட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இ... இல்... இல்ல."

பகவதி வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னப்பா? என்ன சொன்னிய?"

"இல்ல."

"அம்மா! அப்பா பேசிட்டாங்க!"

நான் அழுதேன். ட்யூப் போட்ட கையை ஆட்டக் கூடாது என்று நர்ஸ் வந்து சத்தம் போட்டது. பகவதி அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். காப்பி வேணுமாப்பா? இல்ல. பசிக்குதா? இல்ல. எம்பேரு என்னப்பா? இல்ல. தண்ணி வேணுமா? இல்ல என்று சொல்லிக்கொண்டே பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு சிரிப்பு அடங்கி, தயக்கத்தோடு என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் இல்லங்காங்கம்மா. அந்த வார்த்தை போயி இந்த வார்த்தை வந்திருக்கு. அவ்வளவுதானோ என்னமோ. போறியளான்னு நீ கேட்டதுக்குத்தான் சொன்னாங்கன்னு எப்படி எடுத்துக்கிட முடியும்?"

அவள் சொல்வது சரிதான். பியூலா மேடம் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

"போன எடு" என்றேன். பாளையங்கோட்டைக்கு நானே பேசினேன். நாங்கள் வரவில்லை, அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். வீட்டில் காலையில் இரண்டு மணி நேரம் ஒத்தாசைக்கு ஆள் வைக்க வேண்டும். படியை இடித்துச் சரிவாகக் கட்ட வேண்டும். மதுரையிலிருக்கும் பியூலா மேடத்துக்குப் போன் போட்டு, வீடியோவில் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். பகவதி எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் காப்பி வாங்கக் கீழே போனாள். அவர் நாற்காலியிலேயே என் கட்டில் விளிம்பில் தலை சாய்த்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். கண் திறந்திருந்தது.

"ஏங்க, எம்மேல இன்னும் கோவமா?" என்று கேட்டேன்.

தலையை எடுக்காமலே, "இல்ல" என்றார்.

தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டில் குடித்த மனிதர். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாரைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். கோபம் இல்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.